அர்த்தம் தெரிந்தும் ஆங்கிலச் சொல் ஏன் தவறாகிறது?

வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ்வழி. அலுவலகத்திலோ எல்லாமே ஆங்கிலம். மற்றவர்களின் மெயில்களுக்குப் பக்கத்தில் தன்னுடையது சின்னப் பிள்ளை எழுதியதுபோல இருக்கிறதே என்ற கூச்சத்தில், தினம் பத்துச் சொல் என்று நோட்டில் எழுதி, எதிரே தமிழ் அர்த்தம் குறித்து மனப்பாடம் செய்யத் தொடங்கினார். சில மாதங்களில் அந்தச் சொற்களை மெயில்களில் பயன்படுத்தவும் ஆரம்பித்தார்.

அங்கேதான் சிக்கல் வந்தது. பெரிய ஒப்பந்தம் ஒன்று கிடைத்ததற்காகக் குழுவைப் பாராட்டி அனுப்பிய மெயிலில், மகத்தான வெற்றி என்று நினைத்து 'பிர்ரிக் விக்டரி' என்று எழுதிவிட்டார். ஒருவர் அதைக் கூட்டத்திலேயே சொல்லிச் சிரித்தார். அடுத்து இவர் எழுதிய அறிக்கையை மேலாளர் ஐந்து இடங்களில் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தார்: 'நொட்டோரியஸ் ஃபார் குவாலிட்டி', 'அவர் பெனல்டிமேட் கோல்', 'அமீலியரேட் தி கஸ்டமர்', 'ஹாப்சன்ஸ் சாய்ஸ்', 'எ மிரியட் ஆஃப் கம்ப்ளெய்ன்ட்ஸ்'. "அகராதி பார்த்துத்தான் எழுதினேன். அப்புறமும் ஏன் தவறு? இனி எளிய சொற்களோடு நிறுத்திக்கொள்ளட்டுமா? கிரேக்க, ரோமக் கதைகளிலிருந்து வரும் சொற்களெல்லாம் நமக்குச் சரிப்படாதா? எழுதித் தரும் மென்பொருளிடம் விட்டுவிடலாமா? குழுவுக்கு மன்னிப்பு மெயில் அனுப்ப வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறார்.

அன்பு வாசகிக்கு,

முதலில் ஒரு நல்ல செய்தி. வட்டமிட்ட ஐந்தில் நான்குதான் தவறு. 'எ மிரியட் ஆஃப் கம்ப்ளெய்ன்ட்ஸ்' சரியான ஆங்கிலம். 'எண்ணற்ற' என்ற பொருள் தரும் 'மிரியட்' உரிச்சொல்லாக மட்டுமே வர வேண்டும், 'மிரியட் கம்ப்ளெய்ன்ட்ஸ்' என்றுதான் எழுத வேண்டும் என்று நினைப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். உங்கள் மேலாளரும் அவர்களில் ஒருவராக இருக்கலாம். உண்மையில் ஆங்கிலத்தில் அது பெயர்ச்சொல்லாக வழங்கியதுதான் முந்தியது. இன்று இரண்டுமே ஏற்கப்பட்டவை.

மற்ற நான்கும் ஒரே மாதிரித் தவறுகள் அல்ல. ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில் சறுக்கியிருக்கிறது. அதைப் பிரித்துப் பார்த்தால், எதை விட வேண்டும், எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

நோட்டில் எழுதிய தமிழ் அர்த்தம் எங்கே கைவிடுகிறது

'நொட்டோரியஸ்' என்பதற்கு எதிரே 'பேர்போன' என்று குறித்திருந்ததாகச் சொல்கிறீர்கள். அது தவறான மொழிபெயர்ப்பு அல்ல. ஆனால் தமிழில் நல்லதற்கும் பேர்போகலாம், கெட்டதற்கும் பேர்போகலாம். 'நொட்டோரியஸ்' கெட்டதற்கு மட்டும்தான். தாமதத்துக்கு, ஊழலுக்கு, விபத்துக்குப் பேர்போன இடங்களுக்கு அது பொருந்தும். தரத்துக்கு 'நோன் ஃபார்' போதும். கொஞ்சம் அழுத்தம் வேண்டுமென்றால் 'ரினவுண்ட் ஃபார்'.

இதே விஷயத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். தமிழ் கற்கும் ஒரு வெளிநாட்டவர் அகராதியைத் திறக்கிறார். இறந்தார், காலமானார், செத்தார் மூன்றுக்கும் ஒரே அர்த்தம்தான் போட்டிருக்கிறது. அவர் இரங்கல் கடிதத்தில் 'உங்கள் அப்பா செத்ததற்கு வருந்துகிறேன்' என்று எழுதினால் இலக்கணத்தில் ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் படிப்பவருக்கு எப்படி இருக்கும்? ஒரு சொல்லுக்குப் பொருள் மட்டுமல்ல, பாராட்டா பழிப்பா என்ற குணமும், எந்த இடத்தில் புழங்கும் என்ற வரம்பும் உண்டு. பட்டியலில் ஒற்றை வரியில் எழுதும்போது இந்த இரண்டும் காணாமல் போகின்றன.

'அமீலியரேட்' வேறு வகை. 'சரிசெய்தல், மேம்படுத்துதல்' என்ற உங்கள் குறிப்பு சரிதான். தவறு அதற்கு நீங்கள் கொடுத்த செயப்படுபொருளில் இருக்கிறது. நிலைமையை, சூழலை, விளைவுகளை அமீலியரேட் செய்யலாம்; மனிதரைச் செய்ய முடியாது. கோபமாக இருக்கும் வாடிக்கையாளருக்கு நம்பிக்கை தருவதைச் சொல்ல 'ரீஅஷ்யூர் தி கஸ்டமர்'. அவர் புகாரைத் தீர்ப்பதைச் சொல்ல 'ரிசால்வ் தி கம்ப்ளெய்ன்ட்'. 'பேசிஃபை' என்றும் சிலர் எழுதுவார்கள். அதில் அழும் குழந்தையைச் சமாதானப்படுத்தும் தொனி இருக்கிறது. வாடிக்கையாளர் கண்ணில் படக்கூடிய எதிலும் அது வேண்டாம்.

'பெனல்டிமேட்' மட்டும் நீங்கள் அகராதி பார்க்காமல் ஊகித்தது என்று நினைக்கிறேன். 'அல்டிமேட்' என்றால் இறுதியானது, அதற்கு முன்னால் ஏதோ சேர்ந்தால் இன்னும் இறுதியானது என்று தோன்றுவது இயல்பு. ஆனால் முன்னால் இருப்பது 'ஏறக்குறைய' என்ற பொருள் தரும் லத்தீன் சொல். எனவே பெனல்டிமேட் என்றால் கடைசிக்கு முந்தையது. உங்கள் வாக்கியத்தில் வர வேண்டியது 'அல்டிமேட் கோல்'. சொல்லின் உருவத்தை வைத்துப் பொருளை ஊகிப்பது படிக்கும்போது உதவும். எழுதும்போது அந்த ஊகத்தை நம்பக் கூடாது. இதே வலையில் மாட்டும் இன்னும் சில: 'பிமியூஸ்ட்' என்றால் வேடிக்கையாக உணர்ந்தவர் அல்ல, குழம்பியவர். 'ஃபுல்சம்' பாராட்டு என்றால் பெரும்பாலும் நிறைவான பாராட்டு அல்ல, அளவு மீறிய முகத்துதி. 'டிஸ்இன்டரஸ்டட்' என்றால் கவனமாக எழுதுபவர்களிடம் ஆர்வமற்றவர் அல்ல, நடுநிலையானவர்.

ஒரு சொல்லை மெயிலில் வைக்கும் முன்

பட்டியல் போடுவதே வீண் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். படித்துப் புரிந்துகொள்வதற்கு அது நல்ல உதவி. செய்தித்தாளையும் நாவலையும் பிறர் துணையின்றிப் படிக்க எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் (ஒரே வேர்ச்சொல்லும் அதிலிருந்து வரும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தேவை என்று மொழியியலாளர் பால் நேஷன் 2006இல் கணக்கிட்டார். அந்த எண்ணிக்கையை எட்டப் பட்டியலும் ஒரு வழிதான். பார்த்தால் புரிகிற சொல்லை எல்லாம் உடனே எழுதவும் வேண்டும் என்று எண்ணியதுதான் பிசகு. யாருக்குமே படிக்கத் தெரிந்த சொற்கள் நிறைய, எழுதப் பயன்படும் சொற்கள் குறைவு. அது குறையல்ல.

படித்தால் புரிகிற ஒரு சொல்லை எழுதப் பயன்படும் சொல்லாக மாற்ற, கற்பவர்களுக்கென்றே தயாரித்த ஆங்கில–ஆங்கில அகராதி ஒன்று வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ், லாங்மன் கான்டெம்பரரி, காலின்ஸ் கோபில்ட் மூன்றில் எதுவும் சரி. லாங்மன் ஏறக்குறைய 2,000 எளிய சொற்களுக்குள்ளேயே விளக்கம் எழுதுகிறது. கோபில்ட் பொருளையே முழு வாக்கியமாகத் தருவதால், சொல் எதனோடு சேர்ந்து வரும் என்பது விளக்கத்திலேயே தெரிந்துவிடும். உங்களுக்கு நான் கோபில்டைத்தான் முதலில் சொல்வேன்.

அகராதியைத் திறந்ததும் பொருளைப் படித்துவிட்டு மூடிவிடாதீர்கள். இந்த வரிசையில் பாருங்கள்:

1. சொல்லின் வகை. பெயர்ச்சொல் என்றால் எண்ணக்கூடியதா? வினை என்றால் செயப்படுபொருள் வேண்டுமா? 'எமர்ஜ்' (வெளிப்படு) அதை ஏற்காது. 'ஆப்வியேட்' (தேவையில்லாமல் செய்) அது இல்லாமல் நிற்காது, அதுவும் பெரும்பாலும் 'ஆப்வியேட் தி நீட் ஃபார்' என்றே வரும்.

2. பின்னால் ஒட்டும் சிறுசொல். 'டேன்டமவுண்ட்' (சமமான) வந்தால் 'டு'. 'கமென்ஷுரேட்' (ஏற்ற அளவிலான) வந்தால் 'வித்'. 'கன்டின்ஜென்ட்' (ஒன்றைச் சார்ந்த) வந்தால் 'ஆன்' அல்லது 'அபான்'. இதைத் தனியாக மனப்பாடம் செய்யாமல் சொல்லோடு சேர்த்து ஒரே சொல்லாக எழுதி வையுங்கள். 'டிஸ்கஸ் அபவுட்', 'எம்ஃபசைஸ் ஆன்', 'டிஸ்பைட் ஆஃப்' மூன்றும் பிறப்பது இதில் அசட்டையாக இருப்பதால்தான். அந்த மூன்று சிறுசொல்லும் அங்கே வேண்டாதவை.

3. சாய்வெழுத்தில் போட்டிருக்கும் அடையாளம். சம்பிரதாயமானது, பேச்சுவழக்கு, பழையது, இலக்கிய நடை, பழிப்புப் பொருள் என்றெல்லாம் குறித்திருப்பார்கள். பெரும்பாலான சங்கடங்கள் இந்த ஒரு வார்த்தையைத் தாண்டிப் போவதால் வருகின்றன.

4. எடுத்துக்காட்டு வாக்கியங்கள். அகராதியில் இருப்பதோடு, வெவ்வேறு இடங்களிலிருந்து இன்னும் மூன்றாவது பாருங்கள். சமகால அமெரிக்க ஆங்கிலத் தொகுப்பான கோகாவில் நூறு கோடிக்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன. பதிவு செய்துகொண்டு தேடலாம். அது சிரமமாக இருந்தால், சொற்றொடரை மேற்கோள் குறிக்குள் போட்டு இணையத்தில் தேடுங்கள். வரும் எண்ணிக்கையைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். யார் எழுதியிருக்கிறார்கள், எதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம்.

இவ்வளவும் பார்த்த பிறகு, உங்கள் வாக்கியம் அந்த எடுத்துக்காட்டுகளில் ஒன்றின் அச்சிலேயே இருக்கட்டும். முதல் சில தடவை புதுமை எதுவும் செய்ய வேண்டாம். 'இருந்தாலும்' என்ற பொருள் தரும் 'ஆல்பீட்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 'யூஸ்ஃபுல், ஆல்பீட் எக்ஸ்பென்சிவ்' என்று சிறு தொடருக்கு முன்னால் வருவதைத்தான் எங்கும் பார்ப்பீர்கள். 'ஆல்தோ' போல எழுவாயும் பயனிலையும் கொண்ட முழு வாக்கியத்துக்கு முன்னால் வைத்தால் காதில் இடறும்.

கூட்டத்தில் வாயால் சொல்லப் போகிற சொல் என்றால் உச்சரிப்பையும் கேட்டுக்கொள்ளுங்கள். எழுத்தைப் பார்த்து 'எபிடோம்' என்பார்கள், அது 'இபிட்டமி'. 'ஹைபர்போல்' அல்ல, 'ஹைபர்பலி'. 'எ' போடுவதா 'ஆன்' போடுவதா என்பதும் எழுத்தைப் பொறுத்ததல்ல, ஒலியைப் பொறுத்தது: 'எ யூஃபெமிசம்', 'ஆன் எம்பிஏ'.

கதையிலிருந்து வந்த குறிப்புகள்

இனி உங்களை அதிகம் நோகச் செய்த சொல்லுக்கு வருவோம். பிர்ரஸ் என்பவர் பண்டைய கிரேக்கப் பகுதியான எபிரஸ் நாட்டு மன்னர். கி.மு. 279இல் அஸ்குலம் என்ற இடத்தில் ரோமானியர்களோடு மோதி வென்றார். ஆனால் அவர் படையில் பெரும்பகுதி அழிந்துபோனது. இன்னொரு முறை இப்படி வென்றால் நாம் ஒழிந்தோம் என்ற பொருளில் அவர் சொன்னதாகப் பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதி வைத்திருக்கிறார். எனவே 'பிர்ரிக் விக்டரி' என்றால் தோல்விக்குச் சமமான வெற்றி. உங்கள் மெயில் குழுவுக்குச் சொன்னது, 'வென்றோம், ஆனால் இதற்காக இழந்ததைப் பார்த்தால் வெல்லாமலே இருந்திருக்கலாம்' என்று.

'இதெல்லாம் நம்முடைய கதைகள் இல்லையே' என்ற தயக்கம் வேண்டியதில்லை. கதையிலிருந்து சொல் எடுப்பது உங்களுக்குக் கைவந்த கலை. கும்பகர்ணன் அண்ணனுக்காக, தோல்வி தெரிந்தே போருக்குப் போனவன். ஆனால் 'கும்பகர்ணன்' என்று ஒருவரைச் சொன்னால் நமக்குத் தூக்கம் மட்டும்தான் நினைவுக்கு வரும். மொழி முழுக் கதையையும் எடுத்துக்கொள்வதில்லை. ஒரு துண்டை மட்டும் எடுக்கும். எந்தத் துண்டு என்பதைக் கதையைப் படித்துக் கண்டுபிடிக்க முடியாது, வழக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மிடாஸ் கதையில் தொட்டதெல்லாம் பொன்னாவது சாபம். உண்ணும் உணவும் பொன்னாகிப் பட்டினி கிடக்கிறான். ஆங்கிலத்தில் 'தி மிடாஸ் டச்' என்பதோ பாராட்டு, தொட்ட காரியமெல்லாம் லாபமாக்குபவர் என்று. கதையை மட்டும் படித்தவர் இதை வசையாக எழுதிவிடுவார்.

ஆகவே ஒரு குறிப்பைப் பயன்படுத்தும் முன், அது சொல்லும் நிலைமையின் வடிவமும் உங்கள் நிலைமையின் வடிவமும் ஒன்றா என்று பாருங்கள். உங்கள் 'ஹாப்சன்ஸ் சாய்ஸ்' தவறியது இங்கேதான். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் குதிரைகளை வாடகைக்கு விட்டவர் தாமஸ் ஹாப்சன். வாசலுக்குப் பக்கத்தில் நிற்கும் குதிரையை எடுத்துக்கொள், இல்லையென்றால் நடையைக் கட்டு என்பது அவர் விதி. அதாவது தேர்வு போலத் தோன்றும். ஆனால் இருப்பது ஒன்றே. உங்கள் அறிக்கையில் இரண்டு விற்பனையாளர்கள், ஒருவர் விலை அதிகம், மற்றவர் தாமதம். இரண்டு வழி, இரண்டிலும் நஷ்டம். அதற்குப் பெயர் 'டைலெம்மா'. இதே இடத்தில் 'கேட்ச்-22' என்றும் சிலர் எழுதுகிறார்கள். ஜோசஃப் ஹெல்லரின் 1961ஆம் ஆண்டு நாவலிலிருந்து வந்த அந்தச் சொல்லின் வடிவம் வட்டம்: வேலை கிடைக்க அனுபவம் வேண்டும், அனுபவம் கிடைக்க வேலை வேண்டும். வெளியே போகும் வழியை அதே விதியே அடைத்து நிற்க வேண்டும். வெறும் கஷ்டமான நிலைமையெல்லாம் கேட்ச்-22 ஆகாது.

இன்னும் இரண்டைச் சொல்லிவிடுகிறேன், அலுவலக மெயில்களில் அடிக்கடி வருபவை. 'அக்கிலீஸ் ஹீல்' என்பது, மற்றபடி வலுவான ஒன்றில் இருக்கும் ஒரே ஒரு பலவீனம். அடி முதல் முடி வரை கோளாறான திட்டத்துக்கு அது கிடையாது. 'கிராஸ் தி ரூபிகான்' என்பது முக்கியமான முடிவு மட்டுமல்ல, திரும்ப முடியாத முடிவு, கி.மு. 49இல் ரோமத் தளபதி சீசர் படையோடு அந்த ஆற்றைத் தாண்டியதும் உள்நாட்டுப் போர் உறுதியாயிற்று. அடுத்த மாதம் மாற்றிக்கொள்ளக்கூடிய விலைப்பட்டியலுக்கு இதை எழுதினால் மிகையாகிவிடும்.

குறிப்புகளுக்கு இலக்கண அச்சும் உண்டு. 'எ பிர்ரிக் விக்டரி', 'தி மிடாஸ் டச்', 'தி ரூபிகான்' என்று அந்த முன்சொற்கள் மாறாது. 'ஹாப்சன்ஸ் சாய்ஸ்' பெரும்பாலும் எதுவும் இல்லாமல் வரும். ஆள்பெயரில் பிறந்தாலும் 'குயிக்சாடிக்', 'டிரகோனியன்' இரண்டும் வழக்கமாகச் சிறிய எழுத்தில் தொடங்கும். 'பிர்ரிக்', 'சிசிஃபியன்' பெரும்பாலும் பெரிய எழுத்தில். சந்தேகம் வந்தால் அகராதித் தலைச்சொல்லைப் பார்த்து அப்படியே எழுதுங்கள்.

படிப்பவருக்குக் குறிப்பு புரியாவிட்டால் அடைப்புக்குறிக்குள் விளக்கம் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடாதீர்கள், 'உனக்குத் தெரியாது' என்று சொல்வதுபோல ஆகிவிடும். அடுத்த பகுதியிலேயே செய்தியைச் சொல்லிவிடுங்கள்: 'இட் வாஸ் எ பிர்ரிக் விக்டரி: வி வன் தி கான்டிராக்ட் அண்ட் லாஸ்ட் அவர் பெஸ்ட் பீப்பிள்.' குறிப்பை அடித்துவிட்டாலும் வாக்கியம் செய்தியைச் சொல்கிறது அல்லவா? அதுதான் சோதனை. அடித்த பிறகு எதுவுமே மிஞ்சாவிட்டால், தெரியாதவர் வெளியே நிற்கிறார் என்று பொருள். ஒரே பத்தியில் ரூபிகானும் அக்கிலீஸும் சேர்ந்து வருவதையும் தவிருங்கள்.

உங்கள் முன் உள்ள வழிகள்

எளிய சொற்களோடு நின்றுவிடலாம். இதில் ஆபத்தே இல்லை. 'யூடிலைஸ்' எழுதும் இடங்களில் பெரும்பாலும் 'யூஸ்' மேல். ஒப்பந்த விதி, பாதுகாப்பு அறிவுறுத்தல், மன்னிப்புக் கடிதம், ஆங்கிலம் தாய்மொழியல்லாத வாடிக்கையாளருக்கான மெயில் நான்கிலும் எளிய சொல்தான் எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் முழுவதும் விட்டுவிட்டால் இழப்பும் உண்டு. 'மிட்டிகேட்' (பாதிப்பைத் தணித்தல்), 'பிரிசிடென்ட்' (முன்னுதாரணம்) போன்ற சொற்கள் ஒரு வரி விளக்கத்தை ஒரே சொல்லில் முடிக்கின்றன. ஒரு சொல் அப்படி இடத்தை மிச்சப்படுத்துகிறதா, அல்லது படித்தவர் என்று காட்டிக்கொள்ள மட்டும் வந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பக்க மெயிலுக்கு அப்படி ஒரு சொல் தாராளம்.

மென்பொருளிடம் விட்டுவிடுவதில் ஒரு பொறி இருக்கிறது. உங்கள் பாராட்டு மெயிலில் எழுத்துப் பிழையோ இலக்கணப் பிழையோ இல்லை. அதனால் சாதாரணப் பிழைதிருத்தி அதைக் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கும். செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்பதானால் 'திருத்து' என்று சொல்லாமல், 'இந்தச் சொல் இங்கே என்ன தொனி தருகிறது, ஏன்?' என்று கேளுங்கள். பதிலை அகராதியில் சரிபாருங்கள். அலுவலக ரகசியம், வாடிக்கையாளர் பெயர் எதையும் அதில் ஒட்ட வேண்டாம். முழு மெயிலையும் அதுவே எழுதினால் கூட்டத்தில் அதே சொல்லை நீங்கள் வாயால் சொல்ல வேண்டி வரும்போது கை கொடுக்காது.

நான் சொல்வது மூன்றாவது வழி. தினம் பத்துச் சொல்லைப் படிப்பதற்காகத் தொடருங்கள். அவற்றிலிருந்து வாரத்துக்கு இரண்டை மட்டும் எழுதுவதற்காகத் தேர்ந்தெடுத்து, மேலே சொன்னபடி பாருங்கள். தமிழ் அர்த்தத்தை அழிக்க வேண்டாம். அதன் பக்கத்தில் ஒரு முழு ஆங்கில வாக்கியமும், 'பாராட்டு', 'பழிப்பு', 'நடுநிலை' என்று ஒரு குறிப்பும் சேருங்கள். முதலில் உள்வட்டத்து மெயிலில் எழுதுங்கள், பிறகு வாடிக்கையாளருக்கு.

மேலாளரிடம், 'இந்த இடத்தில் நீங்கள் என்ன எழுதுவீர்கள்?' என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. வெறும் வட்டம் எதையும் கற்றுத் தராது. மிரியட் விஷயத்தில் நீங்கள் சரி என்பதை, அகராதிப் பதிவைக் காட்டித் தனியாக ஒரு முறை சொல்லலாம். அதன் பிறகும் அவருக்கு மற்ற வடிவம்தான் பிடிக்கும் என்றால் விட்டுக்கொடுங்கள். இரண்டும் சரியாக இருக்கும்போது அலுவலக நடையைப் பின்பற்றுவதில் நஷ்டமில்லை. மற்ற நான்கையும் ஏற்றுக்கொண்டுவிட்டு இதைச் சொன்னால் அவர் கேட்பார்.

குழுவுக்கு நீண்ட மன்னிப்பு மெயில் வேண்டாம், மறந்தவர்களுக்கும் ஞாபகப்படுத்தும். அடுத்த முறை அந்த ஒப்பந்தத்தைப் பற்றி எழுதும்போது முதல் வரியில், 'ஐ காட் தி வேர்ட் ராங் லாஸ்ட் டைம். வாட் ஐ மென்ட் வாஸ் எ ஹார்ட்-வன் விக்டரி' என்று சேர்த்துவிட்டு வேலையைத் தொடருங்கள். 'ஹார்ட்-வன்' என்றால் பாடுபட்டு ஈட்டியது. நீங்கள் அன்று குழுவிடம் சொல்ல விரும்பியதும் அதுதானே.